சலூன்காரர் கணக்கில் சேர்க்காத மாத்திரை

சலூன்காரருக்குக் கத்தியைவிட நாக்கு கூர்மை. நாற்காலியில் உட்கார்ந்தவர் தும்மினால் போதும், மருந்து சொல்லித்தான் அனுப்புவார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோடு வீடு திரும்பிய பிறகு, தன்னைப் பாதி டாக்டர் என்றே நினைத்துக்கொண்டார்.

கையைத் தூக்கித் தூக்கி முடி வெட்டியதில் வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. மச்சானின் முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஓர் அட்டை மிச்சமிருந்தது. அதை ஒரு வாரம் இருவேளையும் விழுங்கினார். வலி பஞ்சாய்ப் பறந்தது.

அன்று பஸ் கண்டக்டர் ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் நுரையுமாக உட்கார்ந்திருந்தார். பிளேடு மாற்றும்போது சலூன்காரரின் கட்டைவிரலில் லேசாகக் கீறிவிட்டது.

"எறும்புக் கடி," என்று படிகாரத்தைத் தேய்த்தார். ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தார், சிவந்தது. துண்டைச் சுற்றினார், அதுவும் சிவந்தது.

"அண்ணே, எனக்கு ஷேவிங்கா, உங்களுக்கு ஆபரேஷனா?" என்ற கண்டக்டர், நுரையைத் துடைக்கக்கூட மறந்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். சேதி கேட்டு மனைவியும் ஓடிவந்தாள்.

விரலில் கட்டுப் போட்டுவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ரத்தத்துக்கு ஒண்ணுதாம்மா."

"அப்ப எங்க அண்ணன் மாத்திரை?" என்றாள் மனைவி.

சலூன்காரர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல விழித்தார். "அது வலி மாத்திரைதானே? அதையெல்லாமா கணக்குல சேக்கறது?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் சேர்ந்தா ரத்தம் லேசுல நிக்காது. வயித்துக்குள்ளயும் கசியும். வெளிக்குக் கறுப்பா போகுதா?"

நர்ஸ், மனைவி, நுரை காய்ந்த கண்டக்டர் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"எத்தனை நாளா?"

மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு நாளா என்கிட்டகூட சொல்லலையே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்க்கதை எல்லாம் பேசற வாய்!"

வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, மருந்திலேயே நின்றது. நான்கு நாள் படுக்கை. தோளுக்கு வேறு மாத்திரையை அளவோடு கொடுத்து, கைக்குப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள்.

தோள் இன்னும் கொஞ்சம் முனகத்தான் செய்கிறது. ஆனால் இப்போது சளிக்கு மாத்திரை வாங்கப் போனாலும், தான் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை நீட்டி, "இதோட இது சேருமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவர் வருவதைப் பார்த்தாலே மருந்துக் கடைக்காரர், பின்னால் நிற்பவர்களைப் பக்கத்து வரிசைக்குப் போகச் சொல்லிவிடுகிறார்.