ஊமையாக இருந்த மீட்டர்

தென்காசியில் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவன் நான். போன சாரல் சீசனில் அச்சன்புதூரில் ஒரு துக்க வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இறந்துபோன அம்மாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. ராணுவத்திலிருக்கும் மகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில வந்துருவான் தம்பி. அதுவரைக்கும் எப்பிடியாவது ஓட வச்சிருங்க" என்றார் அவனுடைய பெரியப்பா.

கரண்ட் போக வழி இருந்தால், பழுது பார்க்க நான் கொண்டுபோகும் மீட்டர் பீப் அடிக்கும். தெர்மோஸ்டாட்டில் வைத்தேன், அடிக்கவில்லை. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயிலும் இல்லை, கம்ப்ரசரிலும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்று யோசித்திருக்க வேண்டும். சுற்றிலும் அழுகைச் சத்தம். அவசரமாகப் பெட்டியின் பின்மூடியைத் திருகி மூடினேன்.

"கம்ப்ரசர் போயிட்டு அண்ணாச்சி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வேறு பெட்டி கிடைக்கவில்லை. சாயங்காலமே அம்மாவை எடுத்துவிட்டார்கள். மகன் ரயிலிலிருந்தபடி போனில் பார்த்தானாம்.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். எந்த வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை அது. பீப் வரவில்லை. மீட்டரின் சிவப்பு ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. பெட்டியில் ரிலே மட்டும்தான் பழுது. மாற்றியதும் ஓடியது.

மறுநாள் மகன் தோளில் பையோடு கடைக்கே வந்தான்.

"ஒரு நாள்கூடத் தாங்காதாண்ணே?"

"கம்ப்ரசர் போயிட்டுப்பா" என்றேன், மறுபடியும்.

தலையாட்டிவிட்டுப் போனான். எனக்குப் பின்னால் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.