ஈயம் தொட்ட நிக்கல்

கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் இடமொன்றில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணம் திரும்பினேன். என்னோடு ஒரு ஆர்கன் வெல்டிங் மிசினும் லொறியில் வந்தது. அவர்கள் கழித்துவிட்ட பழைய மிசின். யாழ்ப்பாண நகரத்துக் கொழும்புத்துறை வீதியில் தகரக் கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்டேன்.

குடாநாட்டில் காஸ் வெல்டிங்கும் கரண்ட் வெல்டிங்கும் தெரிந்தவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். டங்ஸ்டன் ஊசி முனையில் நெருப்பை நிறுத்தி, ஆர்கன் வாயுவின் மறைவில் உலோகத்தை உருக்கி ஒட்டுகிற வேலையை எனக்குத் தெரிந்து வேறு யாரும் செய்யவில்லை. குருநகர் மீன்பிடிப் போட்டுக்காரர்களின் எவர்சில்வர்க் குழாய்கள், ஐஸ் போடுகிற இடங்களின் அலுமினியத் தொட்டிகள் எல்லாம் என்னிடம் வந்தன. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அண்ணையின் பட்டறை சாவகச்சேரியில். நாங்கள் வடகரைக் கடலோடிக் குடும்பம். எங்களைப் பெற்ற ஐயா கடலில் இறந்துபோனபிறகு வீட்டைத் தாங்கியவர் அண்ணைதான். என்னைக் கொழும்புக்கு ரயில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். தண்ணீர் பம்ப், போட் எஞ்சின், பேக்கரி அடுப்பு என்று எது வந்தாலும் திருத்துவார். தனக்கு ஏலாது என்று சொல்லி ஒரு சாமானையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஊரில் அவருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பிறகு என்னை விற்றார்.

ஒருநாள் காலையில் அவர் ஒரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். தென்மராட்சிப் பக்கம் சிறிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். அவர்களுக்குப் பின்னால் உழவு இயந்திரப் பெட்டியில், சாக்குச் சுற்றி, ஒரு பெரிய கொதிகலம் வந்து இறங்கியது. சத்திரசிகிச்சைக் கத்திகளையும் துணிகளையும் நீராவியில் அவித்துக் கிருமி கொல்லுகிற பாத்திரம். அமெரிக்காவில் செய்தது. நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை, மொனல் என்பார்கள். உப்பும் நீராவியும் அதை லேசில் தின்னாது.

அதன் அடியில், தண்ணீர் வடிகிற குழாயின் கழுத்தோடு ஒரு வெடிப்பு. நீராவி கசிந்தது. அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆணிகூட இறக்க முடியாத காலம் அது.

டொக்டர் கேட்டார். "நீர் உதைச் செய்து தருவீரோ? அண்ணர் உம்மைப்பற்றிப் பெரிசாச் சொல்லுறார்."

"பாத்துச் சொல்லுறன் டொக்டர். நிக்கல் கலந்த சாமான். இரும்பு மாதிரி நினைச்சுக் கைவைக்க ஏலாது."

நான் சும்மா சொல்லவில்லை. இரும்பு உருகினால் தண்ணீர்போல ஓடி இரண்டு கரையையும் தானாகவே பிடித்துக்கொள்ளும். நிக்கல் உருகினாலும் ஆறிய கூழ்போல அசையாமல் நிற்கும். கம்பியை இந்தக் கரையில் ஒரு பொட்டு, அந்தக் கரையில் ஒரு பொட்டு என்று நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும். பொறுமை இல்லாதவன் கரண்டைக் கூட்டி ஓட்டப் பார்ப்பான். கூட்டினால் ஒட்டுக்குள் காற்றுக் குமிழிகள் புகுந்து, ஆறும்போது பேக்கரிப் பாணின் உள்ளீடு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் சுத்தம். நிக்கலுக்குக் கந்தகமும் ஆகாது, ஈயமும் ஆகாது. கிரீஸ், பெயின்ற், அடையாளம் போடுகிற மெழுகுப் பென்சில், எண்ணெய்க் கை எதிலும் கொஞ்சம் இருக்கும். சூடேறியதும் அது உலோகத்துக்குள் இருக்கிற நுண்ணிய மணிகளுக்கு நடுவே இறங்கி, ஒன்றையொன்று பிடிக்கவிடாமல் பிரித்துவிடும். மேலே பார்த்தால் நல்ல ஒட்டு. ஆறத் தொடங்கும்போதுதான் வெடிக்கும்.

அதனால் டொக்டர் வெளியே காரடிக்குப் போன நேரம் பார்த்து அண்ணையைக் கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியின் திருத்த வேலைகளைப் பல வருடமாகப் பார்த்தவர் அவர்தான்.

"அண்ணை, இதிலை முந்தி ஏதும் வைச்சு ஒட்டினதோ? ஈயம், பித்தளை ஏதாவது?"

"இல்லை. மூடியின்ரை ரப்பர் வளையம் ரெண்டு தரம் மாத்தினனான். அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஈயம் இருந்தா நெருப்புக் காட்ட ஏலாது."

"நான் என்ன பொய்யே சொல்லுறன்?"

அதற்குமேல் கேட்கவில்லை. அடிப்பக்கம் முழுக்க வெள்ளிப் பெயின்ற் பூசியிருந்தது. அது ஏன் என்று அவரையே கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அண்ணை இல்லை என்றால் இல்லைதான் என்று வளர்ந்தவன் நான்.

டொக்டரிடம் பொறுப்பெடுத்தேன். கொழும்பிலிருந்து ஆர்கன் சிலிண்டரும், பழைய நண்பன் ஒருவன் மூலம் நிக்கல் கம்பியும் வந்தன. பெயின்றைச் சுரண்டினேன். வெடிப்பை அரத்தால் அகலமாகத் திறந்தேன். புதுப் பிரஷால் தேய்த்து, அசெற்றோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணி அழுக்காகாமல் வரும்வரை துடைத்தேன். பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தகரத்தால் அடைத்து, அதற்குள்ளும் ஆர்கன் விட்டேன். பின்பக்கம் காற்றுப் பட்டால் ஒட்டு கருகிப் பொருக்காகும்.

ஒட்டுகிற அன்று டொக்டரும் அண்ணையும் வந்திருந்தார்கள். சோளகக் காற்று எழும்பினால் வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று, சுற்றிவரச் சாக்குக் கட்டி விடியலிலேயே தொடங்கினேன். முதல் ஒரு அங்குலம் அழகாக விழுந்தது. ஊசியை உலோகத்தோடு நெருக்கிப் பிடித்து, கம்பியின் நுனியை வாயுவுக்கு வெளியே எடுக்காமல், பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். குழாயின் கழுத்தை நெருங்கியபோது உருகல் ஒருமாதிரி அழுக்காய்க் கலங்கியது. மஞ்சள் பூத்த புகை ஒன்று எழும்பியது. கழுத்தின் மறைவிலிருந்து பளபளவென்று ஒரு துளி உருண்டு கீழே விழுந்தது.

நெருப்பை நிறுத்திவிட்டேன். நிறுத்தி என்ன? டிக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. முகமூடியைத் தூக்கிப் பார்க்கும்போதே, நான் போட்ட ஒட்டின் பக்கத்தால் மயிர் போன்ற வெடிப்புகள் கிளை விட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு விரல் நீளத்தில் இருந்த வெடிப்பு ஒரு சாண் அகலத்துக்குப் பரவியது.

கீழே கிடந்த துளி ஆறியதும் எடுத்தேன். நகத்தால் கீறினேன். கீறு விழுந்தது. ஈயம். யாரோ, என் சுரண்டி எட்டாத கழுத்தின் பின்புறத்தில் ஈயத்தை உருக்கி அடைத்து, மேலே பெயின்ற் பூசி மறைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நீராவியின் சூட்டை அந்த ஈயம் தாங்கும். என் நெருப்பைத் தாங்காது.

டொக்டரிடம் அதைக் காட்டினேன். "இதிலை ஆரோ ஈயம் வைச்சிருக்கினம் டொக்டர். அதுதான் வெடிக்குது."

டொக்டர் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள்தானே இவ்வளவு நாளும் பாத்தனீங்கள். நீங்கள் வைச்சனீங்களோ?"

"நான் வைக்கேல்லை."

"அப்ப உது எங்கையிருந்து வந்தது?"

"அவன்ரை கம்பியிலை இருந்து வந்திருக்கும். ஆருக்குத் தெரியும்? அவன் கொழும்பிலை படிச்சவன். நான் என்னத்தைக் கண்டன்."

"அண்ணை, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் டொக்டரின் முகத்தைப் பார்த்தார். "கொண்டு வரேக்கை கொஞ்சம்தான் கசிஞ்சது. அது உங்களுக்கும் தெரியும்தானே டொக்டர்."

டொக்டருக்கு அது போதுமாக இருந்தது. கொண்டு வரும்போது ஓரளவு வேலை செய்த பாத்திரம். இப்போது கிழிந்த சல்லடை. நடுவில் கைவைத்தவன் நான். அவருடைய கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஈயம் பட்ட இடத்தை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"நீர் செய்தது காணும். உதை நீரே வைச்சிரும்."

இருவரும் ஒரே காரில் ஏறிப் போனார்கள். அண்ணை என்னிடம் வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தக் கிழமைக்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. கொழும்பில் படித்தவன் ஆஸ்பத்திரி மிசினை வெடிக்கவைத்துவிட்டானாம். பேசிவைத்திருந்த தொட்டி வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். போட்டுக்காரர்கள் சிலர் பாதி வேலையில் வந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோயிலடியில் அம்மாவைக் கண்டு விசாரித்தார்கள் என்று அவ வந்து அழுதா. "கொண்ணன் பொய் சொல்லுவானே? நீதான் அவசரப்பட்டிருப்பாய்" என்றா. அவவுக்கு அவர் மூத்த பிள்ளை, வீட்டைத் தாங்கியவர்.

பாத்திரம் பட்டறையின் மூலையில் கிடந்தது. கடைசியில் துறைமுக நண்பனுக்குச் சொல்லி ஒரு துண்டு மொனல் தகடு எடுப்பித்தேன். ஈயம் ஏறிய இடத்தைத் தாண்டி, நல்ல உலோகம் தெரியும்வரை அடியை வட்டமாக வெட்டி எறிந்தேன். புதுத் தகட்டின் விளிம்பையும் பழைய விளிம்பையும் அகலமாகச் சரித்து அராவினேன். நிக்கல் ஆழமாக இறங்காது. அதற்கு இடம் விட்டுக் கொடுக்கவேண்டும். கொஞ்சம் ஒட்டி, கை வைத்துத் தாங்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, பிரஷ் போட்டு, பிறகு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் ஒட்டினேன். ஒரே மூச்சில் சுற்றிவந்தால் சூடு கூடித் தகடு இழுபடும். ஒவ்வொரு முடிவிலும் நெருப்பைச் சட்டென்று எடுக்காமல், குழியை நிரப்பி, மெல்ல மெல்லக் குறைத்து விட்டேன். அந்தக் குழியில்தான் வெடிப்புப் பிறக்கும்.

நெருப்பை அணைத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அமுக்கம் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் போடுகிற அமுக்கத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு துளிகூட வியர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒட்டுகளில் அதைவிடச் சுத்தமான ஒட்டு இல்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சுற்றிவரப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. இஞ்சருங்கோ, இதை ஆருக்குக் காட்டப்போறியள்?"

டொக்டருக்குக் காட்டத்தான் போனேன். பஸ்ஸில் சாவகச்சேரி போய், அங்கிருந்து நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் காக்கவைத்துவிட்டு, அவர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: "அது இனி எங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லு. ஆக்களின்ரை உயிர் விஷயம்." உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பில் சட்டி வைத்துக் கத்திகளை அவித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

பாத்திரத்தை யாழ்ப்பாண நகரத்தில் சலவைக்கடை வைத்திருந்த ஒருவர் துணி அவிக்க எடுத்துக்கொண்டு போனார். பல வருடம் அது கசியவில்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

பட்டறையை மூடினேன். எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவுக்கு ஆள் எடுத்தார்கள். நிக்கல் குழாய் ஒட்டத் தெரிந்தவனா என்று மட்டும் கேட்டார்கள். என் ஊரில் எனக்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை. பரீட்சைக்குப் போட்ட ஒட்டை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள். குறை இல்லை என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் கடல் கடந்து போகவேண்டியிருந்தது.

முதல் விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது அண்ணை என் வீட்டுக்கு வந்தார். இடையில் நாங்கள் கதைத்ததே இல்லை. கையில் ஒரு பெரிய விளைமீன். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். தம்பி வெளிநாட்டில் பெரிய வேலை என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். அதை அவரே சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"என்ரை மூத்தவன் சும்மா திரியிறான். உன்னோடை கூட்டிக்கொண்டு போ. உந்த நிக்கல் வேலையைப் பழக்கிவிடு."

"கூட்டிக்கொண்டு போறன் அண்ணை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்த ஈயம் நீங்கள் வைச்சதுதானே? டொக்டரிட்டைப் போய்ச் சொல்ல வேண்டாம். ஊருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த ஈயம்?"

நடிப்பாய் இருந்தால் பொறுத்திருப்பேன். அவர் முகத்தில் நடிப்பே தெரியவில்லை. அவர் அதை மறந்துவிட்டார். அல்லது தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி முடித்துவிட்டார். என் பட்டறை, அம்மாவின் அழுகை, வாசலில் காத்து நின்ற அந்தப் பகல் எல்லாம் அவருக்கு நடக்கவே இல்லை.

"அப்ப ஏலாது அண்ணை."

"உனக்குப் பெரிய எண்ணம் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். மனைவி மீனை என்ன செய்வது என்று கேட்டாள். சமை என்றேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அம்மா அதற்குப் பிறகு என் வீட்டில் கை நனைக்கவில்லை. அண்ணையின் மகன் வேறு யாரையோ பிடித்து, நான் இருந்த அதே வளைகுடா நகரத்துக்கு வந்து சேர்ந்தான். சமையலறை ஒன்றில் வேலை என்று கேள்விப்பட்டேன். என்னைத் தேடி அவன் வரவில்லை. நானும் போகவில்லை. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெருவில் எங்கள் ஆட்களின் கூட்டத்தைக் கண்டால், அவன் நிற்கக்கூடும் என்று மற்றப் பக்கத்தால் நடப்பேன்.