முழு உடம்போடு திரும்பியவர்

தருமபுரியில், முதுகுவலிக்கு ஊசி போடும் ஒரு தனியார் மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஒரு பாப்பாரப்பட்டி விவசாயி. நரைத்த மீசை, தோளில் பச்சைத் துண்டு. யார் பேசினாலும் முழு உடம்பையும் அவர்கள் பக்கம் திருப்பித்தான் பதில் சொல்வார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மரியாதையா என்று வியந்தேன்.

எனக்கோ உள்ளே போகப் பயம். கத்தி வைக்காமல், முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஊசியை இறக்கி வலி நரம்பைச் சுட்டுவிடுவார்களாம். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அட, பயப்படாதீங்க. போன வருசம் நான் கழுத்துல போட்டுக்கிட்டேனுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான். இன்னிக்குச் சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவரை நம்பிப் போனேன்.

வெளியே வந்தபோது இடது கால் மரத்துப்போய் இழுத்தது. சாயங்காலம் சரியாகிவிடும் என்றார்கள். விவசாயி என் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தையில் மாட்டின் நடையைப் பார்ப்பதுபோல் என் காலையே பார்த்தார்.

நர்ஸ் அவரைக் கூப்பிட்டாள். "ஐயா, அடுத்து நீங்கதான். மொத ஊசிதானே, தைரியமா வாங்க."

"மொத ஊசியா?" என்றேன்.

"உங்க நடையப் பாத்தேனுங்க. எனக்கு இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று செருப்பை மாட்டினார். ஆழம் பார்க்க என்னை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நின்றிருக்கிறார் மனிதர்!

வாசலில் நின்று, முழு உடம்போடும் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அவருக்குக் கழுத்து திரும்பாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதைப் போய் மரியாதை என்று நினைத்தேனே. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையோ, வெட்கமில்லாமல், பதிலுக்குக் கும்பிட்டது.