அக்காவுக்கு அனுப்பிய வண்ணத்துப்பூச்சிகள்

சுவிஸில், பாடன் நகரில் எங்கள் வீடு கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதனால் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கத்தரியும் மிளகாயும் போடலாமென்று நான் நினைத்திருக்க, என் கணவர் லாவண்டரை நட்டு நிரப்பிவிட்டார். உணவகக் குசினியில் அவருக்குப் பின்னேர வேலை. காலை முழுவதும் போனைப் பிடித்தபடி அந்தச் செடிகளுக்குள் முழங்காலில் நிற்பார். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள். எனக்கு மானம் போகும்.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது!”

“சத்தம் போடாதையும், வண்ணத்துப்பூச்சி பறந்திடும்.”

ஒருநாள் சின்னப்பிள்ளை மாதிரி ஓடிவந்தார். “இஞ்ச பாரும், எங்கட தேன்சிட்டு!”

படத்தில் ஒரு சின்ன உயிர், பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்று தேன் குடித்துக்கொண்டிருந்தது. இந்தக் குளிர் நாட்டுக்குத் தேன்சிட்டு எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹம்மிங் பேர்ட் மாதிரிப் பறக்கிற அந்துப்பூச்சியாம் அது. அவள் சொன்ன ஜெர்மன் பெயர் என் வாயில் நுழையவில்லை.

“எதெண்டாலென்ன, அக்கா பாக்கவேணும்” என்றார் இவர்.

தாயில்லாத இவரை வளர்த்தது அக்காதான். யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறா. இங்கே கூப்பிட எவ்வளவோ முயன்றோம், விசா கிடைக்கவில்லை. தன் வீட்டையும் தோட்டத்தையும் அக்கா பார்க்கவில்லையே என்பது இவருக்குப் பெரிய குறை. அதனால்தான் காலைதோறும் ஒரு படம் அனுப்பினார். அதிலும் ஒரு விசர் வேலை. மூத்தவவுக்கு வெறும் படத்தை அனுப்பினால் மரியாதையில்லையாம். மஞ்சள் எழுத்தில் “இனிய காலை வணக்கம்” என்று போட்டு, மூலையில் ஒரு ரோசாப்பூவையும் ஒட்டித்தான் அனுப்புவார். வண்ணத்துப்பூச்சியின் அருமையான செட்டைக்கு மேல் எழுத்து ஏறிக் கிடக்கும். படத்தைக் கெடுக்காதீங்கோ என்று சண்டை பிடித்தேன். கேட்டால்தானே!

அக்காவிடமிருந்து பதிலுக்கு ஒரு கைகூப்பு வரும். அன்று முழுக்க மனுஷனுக்குச் சந்தோஷம்.

போன கோடை முடியும்போது அக்கா போன் எடுத்தா. சமையலறை மேசையில் போனை வைத்து இரண்டு பேரும் கேட்டோம். சீனி வருத்தம் கண்ணைத் தின்றுவிட்டதாம். இனிப் பார்வை திரும்பாது என்று டொக்டர் கைவிரித்துவிட்டார்.

“எனக்கு ஒரு மனவருத்தம்தானடா தம்பி” என்றா அக்கா. “கண் தெரியேக்க உன்ரை தோட்டத்தை ஒருக்காப் பாத்திருக்கலாம். நீ ஒரு படமாவது எடுத்து விடுவாயெண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ அந்தக் காலை வணக்கத்தைத்தானே விட்டுக்கொண்டிருந்தாய். ஊரெல்லாம் விடுற படம். ஒரு கும்பிடு போட்டிட்டு, திறந்தும் பாக்காமல் அழிச்சுப்போடுவன்.”

கடவுளே, இத்தனை காலையும் இந்த மனுஷன் மண்ணில் முழங்கால் தேய நின்றதெல்லாம் வீணா? அந்த மஞ்சள் எழுத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுவோமென்று போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனேன். இவர் என் கையைப் பிடித்து, வேண்டாமென்று தலையாட்டினார்.

“ஓம் அக்கா” என்றார். “ஒரு படமெண்டாலும் எடுத்து விட்டிருக்கலாம். நான்தான் யோசிக்கேல்லை.”