பெருமாளுக்கு முந்திய கற்கண்டு

போன வருஷம் நானும் கணவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து பத்ரிநாத் போனோம். கோயிலுக்குக் கீழே வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. பெருமாளைச் சேவிக்கும்வரை காபிகூடக் குடிக்காத மனிதர் இவர். அந்த வெறும் வயிற்றோடு, குளிருக்கு இதமாக, கழுத்தளவு வெந்நீரில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து கூப்பிட்டேன். சட்டென்று எழுந்தவர் கண் இருட்டித் தள்ளாடினார். பக்கத்திலிருந்தவர் பிடித்திருக்காவிட்டால் தலை கல்படியில் மோதியிருக்கும். பெருமாளுக்கென்று முடிந்து வைத்திருந்த கற்கண்டை எடுத்து இவர் வாயில் போட்டேன்.

"அது பெருமாளுக்குடி!" என்று முனகினார்.

"அவர் காத்துண்டிருப்பார். நீங்க மொதல்ல முழுங்குங்கோ!"

இப்போதெல்லாம் எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் முதலில் கற்கண்டுதான். நம் காவேரிக்கும் அதே சட்டம். படித்துறைக்கு வந்ததுமே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்.