வேப்பமரத்தில் நான் கேட்ட வரம்

போன வைகாசியில் ஒரு காலை, எங்கள் வளவு வேப்பமரத்தில் இரண்டு ஆள் உயரத்தில், கொப்புக்கும் அடிமரத்துக்கும் நடுவில் தொடை நசுங்கிக் கிடந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. தொண்டை கிழியக் கத்தியும் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. வைரவப் பெருமானை நம்பிக் கும்பிடும் உங்களுக்கு அன்று நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

நான் தோட்டவேலைக்காரன். பண்டத்தரிப்புப் பக்கத்தில், வெளிநாட்டில் இருப்பவர்களின் வளவுகளில் புல் வெட்டுவேன், பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவேன், படம் எடுத்து அனுப்புவேன். பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. பிறகு எல்லாரும் மரத்தைப் பற்றியே கேட்கத் தொடங்கினார்கள். கூரைக்கு மேலே சாய்ந்த மாங்கொப்பு, மதிலை வெடிக்க வைக்கிற பலா. ஆள் கிடைப்பதில்லை என்றார்கள். நான் செய்கிறேன் என்று மரம் அரியும் மெசின் ஒன்று வாங்கினேன். முகநூலில் பக்கம் திறந்தேன். அதில் போட ஒரு வீடியோ வேண்டும். அதற்கு நான் தெரிந்தெடுத்தது எங்கள் வேலியோரத்து வேம்பை.

காரணம் தொழில் இல்லை, வன்மம். வேலிக்கு அந்தப் பக்கம் என் சொந்த அண்ணை குடியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் வேலி அடைத்தபோது, அவர் ஒரு கதியாலை என் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார் என்று சண்டை பிடித்தேன். ஒரு தடிக்காக அன்றிலிருந்து கதை பேச்சு இல்லை. வேம்பு என் பக்கம் நின்றது. அதன் கீழே அப்பா நட்ட வைரவர் சூலம். வெள்ளிக்கிழமை தவறாமல் வேலிக்குள்ளால் கையை நீட்டி விளக்கு வைப்பவர் அண்ணைதான். மரம் போனால் அந்தக் கையும் என் வளவுக்குள் வராது என்று கணக்குப் போட்டேன்.

"உங்கடை அண்ணையிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வெட்டுங்கோவன். வைரவர் இருக்கிற மரம்," என்றாள் மனைவி மாலா.

"என்ரை மரத்தை வெட்ட நான் ஆரையும் கேக்கத் தேவையில்லை. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

சொந்தத்துக்குள் ஒரு கலியாணம் வந்தது. அண்ணை போவார் என்பதற்காக நான் போகவில்லை. மாலாவும் பிள்ளைகளும் போனார்கள். அண்ணை வீடும் பூட்டிக் கிடந்தது. ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தாமல் சூலத்தைப் பிடுங்கிக் கிணற்றடியில் சாத்தினேன். போனைக் கிணற்றுக்கட்டில் நிறுத்தி வீடியோவைத் தட்டிவிட்டு ஏறினேன். கயிறு பிடிக்க ஆள் இல்லை. புல் வெட்டியவனுக்கு மரத்தின் பாரம் எங்கே தெரியும்? பெரிய கொப்பை அரிவதற்கு முன் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட வேண்டும். நான் மேலால் மட்டும் அரிந்தேன். பாதியில் கொப்பு கிழிந்து இறங்கி, திரும்பி, என் தொடையை மரத்தோடு சேர்த்து அடித்தது. மெசின் கீழே விழுந்து நின்றுவிட்டது.

கத்தினேன். பிறகு அழுதேன். கிணற்றடியில் சூலம் தெரிந்தது. கைகூப்பவும் ஏலாது, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தேன். "வைரவா, ஆரையாவது அனுப்பு," என்று கேட்டேன். சாகிற நேரத்திலும் என் குணம் போகவில்லை. இன்னொன்றும் கேட்டேன். "அண்ணையை மட்டும் அனுப்பாதை. அவன்ரை கையால தப்புறதிலும் பார்க்க நான் சாகலாம்."

முதுகுப் பக்கம் வேலி முறிகிற சத்தம் கேட்டது. அண்ணை. கலியாணப் பரிசை வீட்டில் மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். நாங்கள் சண்டை பிடித்த அதே கதியாலைப் பிடுங்கி எறிந்து, அந்த இடைவெளிக்குள்ளால் ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயது மனிதர், பட்டு வேட்டியோடு ஏறினார். கொப்புக்குக் கீழே வலது தோளைக் கொடுத்தார்.

"நான் நிமித்துறன். காலை இழு."

இழுத்தேன், கால் வந்தது. அவருடைய தோளுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கும் கேட்டது. என்னைக் கீழே இறக்கி நிலத்தில் கிடத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"சூலத்தை எங்கையடா வைச்சனி?"

கிணற்றடியைக் காட்டினேன். இடக்கையால் எடுத்து வந்து பழைய இடத்தில் நட்ட பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் எடுத்தார்.

என் தொடையெலும்பு பொருந்திவிட்டது. அவருடைய தோள் பொருந்தவில்லை. வெங்காயத் தோட்டம் செய்த மனிதருக்கு இப்போது மண்வெட்டி தூக்க ஏலாது. வைரவருக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் எனக்கு வெட்கம்தான் முதலில் வருகிறது.

மரவேலையை நான் விடவில்லை. தெரிந்த ஒருவரிடம் போய் முறையாகப் பழகினேன். இடுப்புப் பட்டியும் தலைக்கவசமும் இல்லாமல், கீழே இரண்டு பேர் இல்லாமல் ஏறுவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து ஆளின் வாயால் ஓம் என்று கேட்காமலும் ஏறுவதில்லை. "உங்களுக்கென்ன விசரே? என்ரை மரத்துக்கு அவையளிட்டை ஏன் கேக்கோணும்?" என்று வளவுக்காரர்கள் கனடாவிலிருந்து ஏசுகிறார்கள். அப்படி ஏசுகிறவர்களின் வேலையை விட்டுவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து, அழிப்பதற்காக அந்த வீடியோவைத் திறந்தேன். நான் மரத்தில் அழுதுகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் வேலிக்கு மேலே அண்ணையின் தலை தெரிகிறது. அப்போதே வந்துவிட்டார். "அண்ணையை மட்டும் அனுப்பாதை" என்கிறேன். அவர் அசையாமல் நிற்கிறார். முழுவதையும் கேட்கிறார். பிறகு சால்வையைக் கழற்றி, மடித்து, வேலியில் போட்டுவிட்டு, குனிந்து கதியாலைப் பிடிக்கிறார்.

அந்த இடைவெளியை நாங்கள் அடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதற்குள்ளால் வந்து அண்ணை இடக்கையால் விளக்குக் கொளுத்துகிறார். நான் எண்ணெய் விட்டுக் கொடுக்கிறேன். இப்போதும் அதிகம் கதைப்பதில்லை. அந்த வீடியோவைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அடியார்களே, என்ன துன்பம் வந்தாலும் வைரவரை நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே இரங்கியவர் உங்களைக் கைவிடமாட்டார். ஆனால் இன்னாரை அனுப்பாதே என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஆள் உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.