சூசையப்பருக்குக் கதவு சாத்திய எவெலியா

எவெலியா கசாப்புக் கடையில் கத்தியை எடுத்தால், கொக்கியில் தொங்குகிற பன்றி தானே இறங்கி வந்து மேசைமேல் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சிகாகோவின் தென்மேற்கு மூலையில் அதைப் பார்த்தவர் எவரும் இல்லை; நம்பாதவரும் எவரும் இல்லை.

மெக்சிகோவின் மிச்சோவகான் மலையில் பிறந்தவள். பிறக்கும்போதே மருத்துவச்சியின் முன்பல்லை உதைத்துப் பெயர்த்ததாக அவளே பெருமையடித்துக்கொள்வாள். இருபது வயதுக்குள் பாலைவனம் தாண்டி வந்தாள். வழிகாட்ட வந்தவன் ராத்திரியில் கைவைக்கப் பார்த்தானாம். விடிந்ததும் அவனை மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு, வழியை அவனிடமே கேட்டுக் கேட்டு எல்லை வேலியைத் தாண்டினாளாம். கட்டிய புருஷன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்த அன்று, உறைந்து கிடந்த பன்றித் தொடையைத் தூக்கி அவன் முதுகில் எறிந்தாள். அந்த வேகத்தில் அவன் டெக்சாஸில் போய் விழுந்தான் என்பது தெருவின் கணக்கு. திரும்பி வரவேயில்லை என்பது மட்டும் நிஜம். கையில் குழந்தை யாரெலியோடு நின்றவள் அழவில்லை. அந்தத் தொடையைக் கழுவி மறுநாள் விற்றுவிட்டாள்.

கைதான் அப்படி என்றால், வாய் அதைவிட மோசம். அந்த வாய்க்கென்றே வருஷத்தில் ஒரு நாள் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது மாலையும் சூசையப்பராகவும் நிறைமாத மரியாளாகவும் வேடமிட்டவர்கள் தங்க இடம் கேட்டு வீடு வீடாக வருவார்கள். வெளியே நிற்கிறவர்கள் கெஞ்சிப் பாட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் விரட்டிப் பாட வேண்டும். நாலைந்து சுற்று விரட்டிய பிறகே கதவைத் திறப்பார்கள். அப்புறம் சோளமாவில் கறி வைத்து அவித்த, ஆவி பறக்கிற தமாலும், பட்டை போட்டுக் காய்ச்சிய பழரசமும், குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பையும். எவெலியா வீட்டு முறை வந்தால் பாட்டோடு நிற்காது. கதவுக்குப் பின்னாலிருந்து சூசையப்பரை அவள் வைகிற வசவைக் கேட்கப் பக்கத்துத் தெருவெல்லாம் கூடும். பாவம் என்று தடுக்க வந்த சாமியார், சுவர் ஓரம் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவளுக்கு ஈடுகொடுக்கிற சூசையப்பர் ஒருவன்தான்: செலெரினோ. கூரை போடுகிறவன், யாரெலிக்கு ஞானத்தகப்பன், சொந்தத் தாடி உள்ளவன். போன வருஷம் பாட்டுக்கு நடுவே, "அக்கா, போலீஸு தொரத்துது, தெற!" என்று புதிதாக ஒன்றை எடுத்துவிட்டான். வீடே உருண்டு புரண்டு சிரித்தது.

இந்த வருஷம் சிரிக்கிற வருஷமாக இல்லை. இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து, காகிதமில்லாமல் குடியேறியவர்களைப் பிடிக்க வந்த முகமூடி போட்ட அரசாங்க ஆட்கள் பெயரில்லாத வேன்களில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். சோளம் விற்கிற கிழவரை வண்டியோடு சாய்த்து இழுத்துப் போனார்கள். பள்ளி வாசலில் ஒருத்தியைத் தரையில் அழுத்தி முழங்காலை முதுகில் ஊன்றினார்கள். வேனைக் கண்டால் ஊதவேண்டும் என்று ஊரே கழுத்தில் ஊதலை மாட்டிக்கொண்டது. இந்தத் தடவை இடம் கேட்கும் விழா வேண்டாம் என்று யாரெலி சொன்னாள்.

"மூஞ்சியக் காட்ட வெக்கப்படுறவனுக்குப் பயந்து சூசையப்பருக்குச் சோறு போடாம இருக்கணுமாடி?" என்றாள் எவெலியா. பேச்சு அதோடு முடிந்தது.

அவள் வீட்டு முறை வந்த மாலை, இருட்டத் தொடங்கியபோது வீடு ஆட்களால் பிதுங்கியது. வழக்கம்போல் மிட்டாய்ப் பைகளில் பிளாஸ்டிக் ஊதலும் போட்டிருந்தாள். ஊர்வலம் வரும்வரை பொறுக்காமல் குழந்தைகள் பைகளைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் ஊதிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெருமுனையில் உயிர் போகிற மாதிரி ஊதினவர்களின் சத்தமும் அதில் ஒன்றாகிப் போயிற்று.

கதவு அதிர்ந்தது.

"அக்கா! கதவத் தெற!"

செலெரினோவின் குரல். பாட்டுக்கூடத் தொடங்கவில்லை, அதற்குள் வந்துவிட்டான். எவெலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது.

"யாருடா அது? கழுதையத் தொலைச்சிட்டு ஓடியாந்தியா?"

"அக்கா, வெளையாட்டில்ல! அவங்க வந்துட்டாங்க!"

"போன வருஷமும் இதத்தானே சொன்னே! புதுசா எதையாவது யோசிச்சிட்டு வாடா, தாடிக்காரா!"

சிரிப்பு வெடித்தது. கதவில் சூசையப்பர் கோல் மடமடவென்று இடித்தது. நல்லா நடிக்கிறான் என்று யாரோ கைதட்டினார்கள்.

"அக்கா, மரியாதயா கேக்குறேன், ஒன் காலப் பிடிக்கிறேன், தெற!"

"கால் நாறும், பிடிக்காத! போ, போ, மாட்டுக் கொட்டாயப் பாரு! இங்க இருக்குற தமாலே எங்களுக்குப் பத்தல!"

வீடு குலுங்கியது. இடி நிற்கவில்லை. கோல் இடித்துக்கொண்டே இருக்கும்போது வேறு ஏதோ சத்தம் வந்தது. ஆணியடிக்கிற துப்பாக்கி மாதிரி வரிசையாக. கதவின் மேல்பாதியில் மூன்று இடத்தில் தெருவிளக்கு எட்டிப் பார்த்தது. பழரசப் பானை உடைந்து தரையில் ஓடியது. அதன் பிறகுதான் இடி நின்றது.

எவெலியா தாழ்ப்பாளை இழுத்தாள். கதவோடு சாய்ந்திருந்த செலெரினோ அவள் காலடியில் குப்புற விழுந்தான். தோளில் சூசையப்பர் போர்வை. கையில் வெள்ளித்தாள் சுற்றிய விளக்குமாற்றுக் குச்சி, அதன் நுனியில் காகித லில்லி. முதுகில் மூன்று ஓட்டை. எத்தனையோ மிருகத்தை அறுத்தவள் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். ரத்தம் அவள் விரலிடுக்கில் கொப்புளித்தது. முகமூடிக்காரன் ஒருவன் அவள் தலைக்குமேல் துப்பாக்கியை நீட்டி, "கையை எடு" என்றான். எடுக்கவில்லை. மயிரைப் பிடித்து இழுத்தான். ரத்தக் கையாலேயே அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். முகமூடிக்குள் ஏதோ முறிகிற சத்தம் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து அவளைப் பனியில் குப்புறத் தள்ளி மிதித்தார்கள். அதற்குள் செலெரினோ போய்விட்டான்.

இரும்புக் கம்பியோடு அதிகாரிகள்மேல் பாய்ந்தான், உயிருக்குப் பயந்து சுட்டோம் என்று மறுநாள் அறிக்கை வந்தது. எதிர்வீட்டுக் கேமராவில் அவர்களுடைய வேனின் முதுகுதான் விழுந்திருந்தது. ஊர்வலத்தில் வந்தவர்கள் வேனைக் கண்டதும் மூலைக்கொருவராகச் சிதறியிருந்தார்கள். செலெரினோவின் மனைவி டெல்பினா தூரத்திலிருந்து அவன் ஓடுவதையும் விழுவதையும் கண்டாள். நடுவில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

வீட்டுக்குள் இருந்தவர்களோ ஒன்று கூடிப் பேசி, ஒன்றும் கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். பாதிப்பேருக்குக் காகிதம் கிடையாது. மீதிப்பேருக்கு எவெலியாமேல் பாசம்.

அடக்கத்தன்று டெல்பினா எவெலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் வீங்கியிருந்தது.

"அக்கா, அவரு தட்டினாரா?"

எவெலியா வாயைத் திறப்பதற்குள் யாரெலி நடுவில் புகுந்தாள். "ஒரே பாட்டுச் சத்தம் சித்தி, புள்ளைங்க வேற ஊதிக்கிட்டிருந்துச்சுங்க. ஒண்ணுமே கேக்கல."

வீடு திரும்பும் வழியில் எவெலியா மகளைப் பிடித்து நிறுத்தினாள். "நான் சொல்லியிருப்பேன்டி."

"சொல்லி? கெஞ்சினாரு, நாங்க வைஞ்சிக்கிட்டு நின்னோம்னா? டெல்பினா சித்தி ஒன்ன உயிரோட விடுவாங்களா? ஊரு விடுமா? வாய மூடிட்டு இரும்மா, ஒரு தடவையாவது."

மூடிக்கொண்டுதான் இருந்தாள். கடையில் அவள் கத்தி விழுகிற வேகத்தைப் பார்த்து முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். ஒருநாள் வெட்டுக்கட்டையே இரண்டாகப் பிளந்தது. எத்தனையோ பொய்யை வாயால் அளந்து ஊரைச் சிரிக்கவைத்தவளுக்கு, வாயை மூடிச் சொல்கிற இந்தப் பொய் நெஞ்சில் எலும்பாகச் சிக்கியிருந்தது.

ஊர் கொதித்தது. முகமூடிக்காரர்கள் பிடித்தவர்களை அடைத்துவைக்கிற கட்டடத்தின் இரும்புக் கதவுக்கு எதிரே தினமும் கூட்டம். கூட்டத்தை மிளகுத் தூள் குண்டால் அடித்தார்கள். சாமியாரின் நெற்றி கிழிந்தது. ஒரு பையனின் கண் போயிற்று. மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் டெல்பினாவைப் பெட்டிமேல் ஏற்றிப் பேசவிட்டார்கள். அவள் பேசி முடித்ததும் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் மைக்கை நீட்டினான்.

"அம்மா, அவர் அடைக்கலம் கேட்டுத்தான் அந்த வீட்டுக்கு ஓடினார் என்கிறீர்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் யாரும் தட்டுகிற சத்தம் கேட்கவில்லையே. அப்படியானால் அவர் தட்டவேயில்லை, திரும்பிப் பாய்ந்தார் என்று அதிகாரிகள் சொல்வது சரிதானே?"

டெல்பினாவின் உதடு அசைந்தது. "தட்டியிருப்பாரு... எனக்குத் தெரியல."

எவெலியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். யாரெலி அவள் கோட்டைப் பிடித்து இழுக்க, கோட்டு மகள் கையோடு போயிற்று. கசாப்புக் கடை அங்கியோடு பெட்டிமேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"தட்டினான்! எனக்குக் கேட்டுச்சு. நான்தான் தெறக்கல!"

பிறகு முழுவதையும் சொன்னாள். கழுதை, தாடி, நாறுகிற கால், பத்தாத தமால், ஒன்றையும் விடவில்லை. அவன் குரலில் கெஞ்சினாள். தன் குரலில் விரட்டினாள். "கோல வெச்சு இடிச்சிக்கிட்டே இருந்தான். சத்தம் நிக்கல. நிக்கறதுக்கு முன்னாடியே சுட்டாங்க. கதவப் பாத்து நின்னுக்கிட்டு இடிக்கிறவன் எப்பிடிடா உங்கமேல பாய்வான்? முதுகுலயா கண்ணு?"



டெல்பினா அறைந்தாள். சின்ன உருவம், எட்டிக் குதித்துத்தான் அறைய வேண்டியிருந்தது. மறுபடி அறைந்தாள். மூன்றாவதில் எவெலியாவின் உதடு கிழிந்து ரத்தம் அங்கியில் சொட்டியது. ஆளைத் தூக்கி டெக்சாஸுக்கு எறிகிற கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டித் தொங்கின.

"சிரிச்சீங்களா? அவரு கெஞ்சும்போது எல்லாரும் சிரிச்சீங்களா?"

"சிரிச்சோம்."

டெல்பினா அப்படியே பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி தோளைத் தொட, தட்டிவிட்டாள். எழுந்தாள். கீழே விழுந்து கிடந்த ஒலிபெருக்கியை எடுத்து எவெலியாவின் கிழிந்த வாய்க்கு நேரே பிடித்தாள்.

"திரும்பச் சொல்லு, எவெலியா," என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. "அந்தக் கேமராவப் பாத்துச் சொல்லு. ஒரு சொல்லு வுடாத."

எவெலியா இரண்டாம் முறை தொடங்கினாள். "அக்கா, கதவத் தெற!" என்ற இடத்தில் அந்த வீட்டில் கைதட்டிய ஆள் கூட்டத்திலிருந்து நடந்து போய் இரும்புக் கதவை முஷ்டியால் இடித்தான். "எனக்கும் கேட்டுச்சு!" என்று கத்தினான். அவனுக்குக் காகிதம் கிடையாது. பக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். அப்புறம் அன்று தமால் தின்னக் காத்திருந்த ஒவ்வொருவரும். யாரெலியும் போய் இடித்தாள். கதவு கீலோடு ஆடியது. மேலிருந்து புகைக்குண்டு விழுந்தது. ஒருவன் அதை வெறுங்கையால் எடுத்துத் திருப்பி எறிய, உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று. மிளகுத் தூள் குண்டு ஒன்று எவெலியாவின் மணிக்கட்டில் பட்டு எலும்பு முறிந்தது. அவள் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. ஒலிபெருக்கி மட்டும் விழவில்லை, அது டெல்பினாவின் கையில் இருந்தது.

"காலப் பிடிக்கிறேன்னாரு," என்று டெல்பினா இருமிக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள். "அதுக்கு நீ என்னா சொன்னே? சொல்லு."

எவெலியா சொன்னாள்.